ஆகிய நான்

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
போன் மகள் கையில், மகள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
ஓடிபி அவளிடம் வந்துவிட்டது.
கூட்ஸ் வண்டியின் டேங்கர்களுக்கு நடுவே
ஒவ்வொரு எண்ணாய்க் கத்துகிறாள்.
நாலு. டேங்கர். ஏழு. டேங்கர். டேங்கர். ஏழு.
அதற்குள் நேரம் முடிந்து எண் செத்துவிட்டது.
‘இன்னொரு தபா அனுப்பலாம்ணா’ என்கிறாள் சென்டர் ரெஜினா.
இந்தத் தபாவும் ‘அன்புள்ள வேதாசலம்’ என்றுதான் ஆரம்பிக்கும்.

வேதாசலம் என் அண்ணன்.
இரண்டு வயசு முடியுமுன் காய்ச்சலில் போனவன்.
மூலக்கொத்தளத்தில் எந்த இடம் என்று
புதைத்த அப்பாவுக்கே மறுவருஷம் தெரியவில்லை.
அவன் ஆர்எஸ்ஆர்எம்மில் பிறந்தான், தாள் இருந்தது.
நான் வீட்டில் பிறந்தேன், மழைத்தண்ணீர் கட்டில்கால் வரைக்கும்,
தாள் இல்லை.
கார்ப்பரேஷன் ஸ்கூலில் தாள் கேட்டார்கள்.
அம்மா இருந்ததை நீட்டினாள்.
‘ஏழு வயசுன்னு போட்ருக்கு, இவ்ளோ குட்டையா இருக்கான்?’
‘எங்க வூட்ல எல்லாரும் குட்டைதான் சார்.’

அப்படி அவன் ஒன்றாவது படித்தான்.
பத்தாவதில் கணக்கில் பெயிலானான்.
எனக்குப் பதினெட்டு ஆனபோது அவனுக்கு இருபது,
ஹெவி லைசன்ஸ் சீக்கிரமே வந்தது,
அந்த ஒரு கடன் அவனுக்கு உண்டு.
ஹார்பர் கேட்டில் பாஸைப் பார்த்து வேதாசலம் என்பார்கள், திரும்புவேன்.
தெருவில் கஜா என்பார்கள், அதற்கும் திரும்புவேன்.
அம்மா மட்டும் அந்தப் பெயரை வாயில் எடுத்ததே இல்லை.
கல்யாணப் பத்திரிகையில் மாமனார் பிடிவாதமாக
வேதாசலம் (எ) கஜபதி என்று போட்டார்.
அந்த ‘எ’வுக்குள் ஒரு குழந்தை கிடப்பது
அவருக்குத் தெரியாது.

மாற்றத்துக்கான காரணம்:
அம்புக்குறியை அமுக்கினால் வரிசையாக விழுகிறது,
எண் கணிதம், மதம், திருமணம், தத்து, இதர.
எனக்கு முன்னால் வந்தவர் ஒரே ஒரு எழுத்தைக் கூட்டிவிட்டு
கடைக்கு லாபம் வருகிறதா பார்க்கப் போயிருக்கிறார்.
நான் இதர.
‘இதரன்னா என்னான்னு டைப் பண்ணணும்ணா.’
செத்தவன் பேர்ல, என்று ஆரம்பித்தேன்.
வேணாம்மா.
வூட்ல கூப்புடுற பேருன்னு போடு.

பழைய பெயரில் ஒரு கையெழுத்து, புதியதில் ஒன்று.
பழையது வழுக்கிக்கொண்டு போனது,
கடைசிப் புள்ளி தானாகவே விழுந்தது.
புதியதுக்குப் பேனாவை ஊன்றினேன்.
நாற்பத்துநாலு வயசு (அவனுக்கு நாற்பத்தாறு),
இதுவரை எங்கேயும் நான் கஜபதி என்று எழுதியதில்லை.
க எங்கே வளைய வேண்டும், ஜ எங்கே சுழிய வேண்டும்.
நோட்டரி வக்கீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
‘ரெண்டு ஆள் போட்ட மாதிரி இருக்கே’ என்றார்.
சீல் குத்தினார்.

‘பொறந்த தேதிய இதுல மாத்த முடியாதுண்ணா.’
இருக்கட்டும்மா.
அத்த அவனே வெச்சுக்கட்டும்.

எத்தனையோ வாரம் கழித்து அரசிதழ் போனுக்கு வந்தது.
மணலி ரோட்டில், கண்டெய்னர் வரிசையில்,
இஞ்சினை அணைத்துவிட்டு விரலால் பெருக்கிப் பார்த்தேன்.
ஆ. வேதாசலம் ஆகிய நான்,
இனி ஆ. கஜபதி என அழைக்கப்படுவேன்.
முப்பத்தொன்பது வருஷத்தை
‘ஆகிய’ என்று முடித்திருந்தார்கள்.
பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.

பிரிண்டை அம்மாவிடம் கொடுத்தேன்.
படிக்கத் தெரியாது, மையைத் தடவினாள்.
‘பெரியவன் செத்துட்டான்னு போட்ருக்காங்களா?’
‘இல்லம்மா. இனிமே என்னை அந்தப் பேர்ல
கூப்புட மாட்டாங்கன்னு போட்ருக்கு.’
ரேஷன் கார்டு வைக்கிற கவரில், அந்தப் பழுத்த தாளுக்குப் பின்னால்
இதை மடித்துச் சொருகினாள்.

தண்ணி லாரி வந்துவிட்டது.
இரண்டு குடத்தையும் இடுக்கிக்கொண்டு
வாசலில் நின்றவள், திரும்பாமல் கேட்டாள்:
‘அப்ப அவன நான் இனிமே கூப்டுக்கலாம், இல்ல?’